அச்சம் அகன்ற பள்ளி: பாவ்நகர் முதல் கோடைக்கானல் வரை

பள்ளி என்னும் சொல் தமிழில் இருபொருள் தாங்கி நிற்பது. குன்றின் குகைகளில் கற்படுக்கை அமைத்துச் சமணத் துறவியர் உறைந்த இடமும் பள்ளி. சிறார் எழுத்தும் எண்ணும் பயிலும் இடமும் பள்ளி. நோன்பு நோற்போர் உறைவிடத்தின் பெயரே கல்விக்கூடத்திற்கும் வழங்குவதில், கல்வியையும் ஒழுக்கத்தையும் பிரித்துக் காணாத பழைய உள்ளம் ஒன்று புலப்படுகிறது. ஆயினும், ஒழுக்கம் இன்றியமையாதது என்பதில் ஒன்றுபட்டவர்களும், அதனைச் சிறு குழந்தையின் உள்ளத்தில் வளர்க்கும் வழி யாது என்னும் வினாவில் வேறுபட்டே வந்துள்ளனர்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகள் அவ்வினாவிற்குத் தந்த விடை எளியது. நீதிநூல்களை நெட்டுருச் செய்வித்தல் ஒன்று. தவறியவனைத் தண்டித்தல் மற்றொன்று. மணலில் விரல் வைத்து எழுதிய சிறுவன் பின்னர் ஓலையில் எழுதினான். சட்டாம்பிள்ளையின் மேற்பார்வையில் வாய்பாடு ஒப்பித்தான். அப்பள்ளிகள் வளர்த்த நினைவாற்றலும் மனக்கணக்குத் திறனும் போற்றத்தக்கவை. ஆனால் அவற்றின் மூலையில் பிரம்பு சாத்தியிருந்தது; உத்தரத்திலிருந்து கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. இன்சொல்லின் பெருமையைக் கூறும் செய்யுளை அடிக்கு அஞ்சி ஒப்பித்த பிள்ளையின் நெஞ்சில் பதிந்தது இன்சொல்லா, அச்சமா? இக்கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் பல பகுதிகளிலும் சிலர் அழுத்தமாக எழுப்பினர். அவர்களுள் இருவருடைய வரலாறு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. ஒருவர் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார்; மற்றவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா.

உரோமாபுரியின் குழந்தைகள் இல்லம்

1870 ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்த மாண்டிசோரி, பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலத்தில் 1896இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றியோர் எனக் கைவிடப்பட்ட குழந்தைகளிடையே முதலில் பணிபுரிந்தார். கைக்கு வேலையும் பொருளும் கொடுத்தால் அக்குழந்தைகளும் கற்பதைக் கண்டபோது, நல்ல நிலையிலுள்ள குழந்தைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கி நிற்கின்றனர் என்னும் ஐயம் அவருள் எழுந்தது.

1907 சனவரி 6ஆம் நாள், உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த ஏறத்தாழ ஐம்பது சிறுவர் சிறுமியர் அங்குச் சேர்ந்தனர். புதிதாகச் செப்பனிட்ட சுவர்களையும் படிகளையும் அவர்கள் பாழ்படுத்தாமல் காப்பதே கட்டட உரிமையாளர்களின் நோக்கம். அம்மையாரோ அதனை ஓர் ஆய்வுக்களமாகக் கண்டார். மரத்துளைகளில் உருளைகளைப் பொருத்தும் பணியை ஒரு சிறுமி நாற்பது முறைக்கும் மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் பிள்ளைகள் பாடினர்; அவள் இருக்கையையே தூக்கி வைத்தனர்; அவள் கவனம் சிதறவில்லை. பணி முடிந்ததும் ஓய்வெடுத்து எழுந்தவள் போல் மலர்ந்த முகத்துடன் நிமிர்ந்தாள். சிறு குழந்தையால் ஒருமுகப்பட இயலாது என்னும் பொதுக்கருத்து அங்கே தகர்ந்தது.

ஒழுக்கத்தைப் பற்றிய கருத்தை மாற்றிய நிகழ்ச்சிகள் வேறு இரண்டு. ஆசிரியை ஒருநாள், நன்கு நடந்த சிறுவன் ஒருவனுக்குச் சிலுவை வடிவ வெள்ளிப் பதக்கம் அணிவித்து, தவறிழைத்த மற்றொருவனை எல்லோரும் காண நாற்காலியில் தனியே அமர்த்தியிருந்தார். பதக்கம் அணிந்தவன் தன் வேலையில் ஈடுபட்டு அங்குமிங்கும் சென்றபோது அது கழன்று விழுந்தது. தண்டனை பெற்றவன் அதனை எடுத்துக் காட்டினான். உரியவனோ தனக்கு அது ஒரு பொருட்டன்று எனக் கூறி, வேண்டுமானால் அவனே அணிந்துகொள்ளட்டும் என விட்டுவிட்டுத் தன் பணிக்குத் திரும்பினான். உழைப்பில் இன்பம் கண்டவனுக்குப் பரிசு தேவைப்படவில்லை. வேலையின்றி இருந்தவனுக்கே அது அணிகலனாயிற்று. பரிசும் தண்டனையும் ஒரே கயிற்றின் இருமுனைகள் என்பதை உணர்ந்த அம்மையார் இரண்டையும் கைவிட்டார்.

மற்றொரு நாள் அவர் மூக்கைத் தூய்மை செய்யும் முறையைப் பாடமாக நடத்தினார். கைக்குட்டையை எவ்வாறு மடிப்பது, ஓசையின்றி எவ்வாறு துடைப்பது என்று காட்டினார். சிரிப்பார்கள் என எதிர்பார்த்த இடத்தில் குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனர். அவர்களை அதுவரை எல்லோரும் அதன் பொருட்டு ஏசியிருந்தனர், எவரும் கற்பித்ததில்லை. பழியை மட்டுமே கேட்டவர்களுக்கு அன்று மதிப்புக் கிடைத்தது. ஒழுக்கத்தின் தொடக்கம் தன்மதிப்பே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

பாவ்நகரின் மீசை வைத்த தாய்

இச்செய்தி நூல்வழியாகக் குஜராத்தை அடைந்தது. கிஜுபாய் பதேகா 1885 நவம்பர் 15ஆம் நாள் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் ஊரில் பிறந்தவர். ஆப்பிரிக்கா சென்று மீண்டு, சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். 1913இல் மகன் பிறந்தபோது, தாம் மாணவப் பருவத்தில் பட்ட துன்பம் அவனுக்கும் வேண்டுமா என்னும் எண்ணம் அவரை வாட்டியது. குழந்தைக் கல்வி குறித்த நூல்களைத் தேடிப் படித்தார். மாண்டிசோரியின் நூலும் அவற்றுள் ஒன்று. 1916இல் வருவாய் தரும் தொழிலை நீத்து, நானாபாய் பட் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் பாவ்நகரில் சேர்ந்தார். அங்கே 1920இல் அவர் தொடங்கிய பாலமந்திரமே இந்திய மண்ணில் குழந்தை நேயக் கல்வியின் நாற்றங்கால்.

கிஜுபாய் அயல்நாட்டு முறையை அப்படியே நட்டு வைக்கவில்லை. விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாக ஊரில் கிடைக்கும் மண், மரம், விதை ஆகியவற்றைப் பயன்படுத்தினார். நாட்டுப்புறக் கதை, பாட்டு, நாடகம் ஆகியவற்றுக்குப் பேரிடம் தந்தார். தலைப்பாகையும் அடர்ந்த மீசையுமாகக் குழந்தைகளிடையே அமர்ந்து கதை சொன்ன அவரைக் குஜராத் மக்கள் மீசை வைத்த தாய் என்னும் பொருளில் மூச்சாளி மா என அழைத்தனர். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்க்குமாக அவர் எழுதிய நூல்கள் இருநூறுக்கு மேற்பட்டவை.

அவற்றுள் தலைசிறந்தது தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் கூற்றாக அமைந்த ‘திவாஸ்வப்னா’. பகற்கனவு என்பது அப்பெயரின் பொருள். கல்வி அதிகாரியிடம் இசைவு பெற்று, நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டு தம் விருப்பப்படி நடத்த முன்வருகிறார் அவ்வாசிரியர். முதல் நாள் நூல்களில் படித்தவாறு அமைதி விளையாட்டைத் தொடங்குகிறார். கதவுகள் சாத்தப்பட்ட இருளில் பிள்ளைகள் கூச்சலிட்டுக் கேலி செய்கின்றனர், திட்டம் தரைமட்டமாகிறது. விடுமுறை அளித்து அனுப்பிவிட்டு, அன்றிரவு முழுதும் சிந்திக்கிறார். மறுநாள் கதையுடன் வருகிறார். கதை தொடங்கியதும் அதே பிள்ளைகள் கட்டளையின்றியே அமைதியாகின்றனர். தம் தோல்வியிலிருந்து தொடங்கும் ஆசிரியரைக் காட்டியதே அந்நூலின் உயர்வு.

கதையிலிருந்து வாசிப்புப் பிறக்கிறது. ஒவ்வொருவரும் ஒரே பாடநூலை வாங்குவதை விடுத்து, அப்பணத்தில் வெவ்வேறு நூல்களை வாங்கி வகுப்பு நூலகம் அமைக்கின்றனர். நகமும் உடையும் தூய்மையாதல் வகுப்பின் பணிகளுள் ஒன்றாகிறது. விளையாட்டு மைதானத்தில் சண்டை எழுந்து தீர்கிறது. வென்றவன் செருக்கும் தோற்றவன் பகையும் அங்கேயே பேசப்படுகின்றன. பிள்ளைகளுக்குச் சமய போதனை வேண்டும் என்னும் கருத்தும் அந்நூலில் விவாதிக்கப்படுகிறது. சமயம் ஒப்பிப்பதற்கு உரிய பாடமன்று, பெற்றோரும் ஆசிரியரும் வாழ்ந்து காட்டுவதற்கு உரியது; புராணக் கதைகளைக் கதைகளாகக் கூறினாலே பிள்ளையின் உள்ளம் அவற்றிலுள்ள நன்மையைத் தானே பற்றிக்கொள்ளும் என்பதே நூலின் நிலைப்பாடு. பிற ஆசிரியர்களின் ஏளனம், பெற்றோரின் ஐயம், தேர்வு என்னும் நெருக்கடி ஆகியவற்றையும் கிஜுபாய் மறைக்கவில்லை. ஒழுக்கக் கல்வியின் தடைகள் பெரும்பாலும் குழந்தையிடத்தில் இல்லை, பெரியவர்களிடத்திலேயே உள்ளன என்பது அந்நூலைப் படிப்போர்க்கு விளங்கும்.

1939 சூன் 23ஆம் நாள் கிஜுபாய் மறைந்தார். அவர் மறைந்து ஐந்து திங்கள் கழியுமுன், மாண்டிசோரி அம்மையார் இந்திய மண்ணில் கால் வைத்தார்.

போர்க்கால அடையாற்றில்

அம்மையாரின் வருகைக்குப் பின்னே ஒரு கசப்பான வரலாறு உண்டு. இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. ஆணைக்கு அடிபணியும் வீரர்களை வேண்டிய அரசுக்கும், தானே சிந்தித்துத் தன்னை ஆளும் மனிதரை வேண்டிய ஆசிரியைக்கும் இடையிலான உறவு நீடிக்கவில்லை. 1934இல் அவர் தாய்நாட்டை நீங்கினார். செருமனியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதால் ஸ்பெயினையும் விட்டு நெதர்லாந்தில் புகலடைந்தார். கல்வியே அமைதிக்கு அடிப்படை என அவர் ஐரோப்பிய நகரங்களில் உரையாற்றிய ஆண்டுகள் இவையே. இதற்கு முன்பே, 1931 அக்டோபரில் இலண்டனில் வட்டமேசை மாநாட்டிற்கு வந்திருந்த காந்தியடிகள் அவரைச் சந்தித்திருந்தார். உலகில் மெய்யான அமைதி வேண்டுமாயின் குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என அங்கு அடிகள் பேசினார். இக்கல்வி இந்தியாவின் ஏழைக் குழந்தைகளுக்கும் எட்ட வேண்டும் என்னும் தம் ஏக்கத்தையும் புலப்படுத்தினார்.

1939 நவம்பரில், சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 69 வயதான அம்மையார் தம் மகன் மாரியோவுடன் வந்து சேர்ந்தார். சில திங்கள் தங்கிப் பயிற்சி அளித்துத் திரும்புவதே திட்டம். ஓலைக் குடில்களில் நடைபெற்ற முதற்பயிற்சியில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் கலந்துகொண்டனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவிலிருந்த இத்தாலியர் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். முதுமையுற்ற தாய் சபை வளாகத்திற்குள்ளேயே இருத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளில், மகனை விடுவிக்கும் ஆணை அரசப் பிரதிநிதியிடமிருந்து வந்தது. நீண்ட காலம் வளர்ப்பு மகன் என்றும் உறவினர் என்றும் உலகிற்கு அறிமுகப்படுத்தப்பட்டிருந்தவரை, அச்செய்தி அவர் மகன் என்றே குறிப்பிட்டது. அவருக்குக் கிடைத்த பிறந்தநாள் பரிசுகளுள் அதனினும் பெரிது வேறொன்று இருந்திருக்க இயலாது.

கோடைக்கானலில் விரிந்த கல்வி

சென்னையின் வெப்பம் உடலை வருத்தவே, 1942 முதல் இரண்டாண்டுகள் அம்மையார் கோடைக்கானலில் தங்கினார். ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியே பெரிதும் அறியப்பட்டிருந்த அவருடைய கல்விமுறை, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான தொடக்கப்பள்ளிப் பருவத்திற்கு முழுவடிவம் பெற்றது இம்மலையூரில்தான். பல வயதுப் பிள்ளைகள் பயின்ற சிறுபள்ளி ஒன்று அங்கு நடைபெற்றது. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன அம்மையாருக்குத் துணை நின்றார். குறிஞ்சி நிலத்தின் செடியும் பூச்சியும் பாறையும் ஏரியும் அப்பள்ளியின் பாடநூல்களாயின.

அங்கு உருப்பெற்ற கருத்தை அம்மையார் பிரபஞ்சக் கல்வி என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினார். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்குத் துண்டு துண்டான செய்திகளை அளிப்பதினும் முதலில் முழுமையை அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலகின் தோற்றம், உயிர்களின் வருகை, மனிதனின் வருகை, எழுத்தின் கதை, எண்ணின் கதை எனப் பெருங்கதைகளாக அது விரிகிறது. ஒவ்வோர் உயிரும் தன் வாழ்வை நாடியே இயங்கினும், அறியாமலே பிறவற்றிற்கும் தொண்டு செய்கிறது என்பதை அம்மையார் வற்புறுத்தினார். கடலில் வாழும் பவளப்பூச்சி சுண்ணத்தை ஈர்த்துக் கடல்நீரைக் காக்கிறது என்பது அவர் விரும்பிக் கூறிய சான்று. மனிதர்க்குள்ளும் அவ்வாறே, நாம் உண்ணும் உணவிற்கும் உடுக்கும் உடைக்கும் பின்னால் பெயரறியா எத்தனையோ பேரின் உழைப்பு நிற்கிறது. இதனை உணர்ந்த பிள்ளையிடம் நன்றியுணர்வு தானே சுரக்கும்; நன்றியுள்ள இடத்தில் வன்முறைக்கு இடம் குறையும் என்பது அவர் நம்பிக்கை. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பன என்னும் உண்மையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் சமணக் குடும்பங்களுக்கு இக்கருத்து அயலானதாகத் தோன்றாது.

ஒழுக்க வளர்ச்சியைப் பற்றிய அவருடைய மற்றொரு கண்டுபிடிப்பு இப்பருவத்திற்கே உரியது. ஏழெட்டு வயதுப் பிள்ளை, அவன் அப்படிச் செய்தான், இவன் இப்படிச் செய்தான் என ஓயாது முறையிடும். பெரியவர்கள் அதனைக் கோள் சொல்லுதல் என வெறுத்து ஒதுக்குவர். அம்மையாரோ அம்முறையீட்டினுள் ஒரு வினா ஒளிந்திருப்பதைக் கண்டார். பிறனைத் தண்டிக்க வேண்டும் என்பதினும், அச்செயல் நல்லதா தீயதா என்பதை அறிந்துகொள்ளவே அப்பிள்ளை விழைகிறது. நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் அகத்தே உருவாகும் காலம் அது. அப்போது அடக்குதலும் கூடாது, தண்டித்தலும் கூடாது, பொறுமையுடன் காரணம் கூறிச் சேர்ந்து சிந்தித்தல் வேண்டும்.

கட்டற்ற உரிமையை அவர் பரிந்துரைத்தார் எனக் கருதுவது பிழை. ஒவ்வொரு கருவியும் வகுப்பில் ஒன்றே இருக்கும். ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தல் வேண்டும். பிறர்க்கு இடையூறு செய்வதற்கு உரிமையில்லை. பொறுமை, பொறுப்பு, அடக்கம் ஆகியவை இவ்வாறு நாள்தோறும் கைப்பழக்கமாக வளர்ந்தன, உபதேசமாக அல்ல.

முற்றத்தை நாடிச் சென்ற பள்ளி

அம்மையார் 1946இல் ஐரோப்பா திரும்பி, 1947இல் மீண்டும் வந்து, 1949இல் விடைபெற்றார். அதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் அவர் மறைந்தார். ஆயினும் காந்தியடிகளின் ஏக்கம் அப்படியே நின்றது. ஏழைப் பிள்ளைக்கு இக்கல்வி எட்டியதா?

அதற்கு விடை காண முயன்றவர் தாராபாய் மோடக். 1892இல் பிறந்த இவ்வம்மையார், 1923இல் பாவ்நகரில் கிஜுபாயுடன் இணைந்தவர். 1926இல் தொடங்கிய நூதன பால சிட்சண சங்கத்தில் இருவரும் உடனுழைத்தனர். 1945இல் அவர் மகாராட்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் சிற்றூரில் பால்வாடி தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணையானார். ஊரின் ஒதுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள் பள்ளிக்கு வரத் தயங்கினர். குழந்தை வாராவிடில் பள்ளி செல்லட்டும் எனத் தாராபாய் அவர்கள் குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பை நடத்தினார். முற்றத்தைக் குறிக்கும் அங்கன் என்னும் சொல்லிலிருந்து அங்கன்வாடி என்னும் பெயர் பிறந்தது. 1957இல் கோஸ்பாட் குன்றிற்குச் சென்றபின், ஆடுமாடு மேய்க்கும் பழங்குடிச் சிறாருக்காக மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடைபெற்றது. கிளிஞ்சலும் கூழாங்கல்லும் இலையும் விதையும் அங்குக் கருவிகள். 1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபின் அங்கன்வாடி என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் வழங்கும் அச்சொல்லின் பின்னே, ஒதுக்கப்பட்ட ஒரு முற்றத்தில் அமர்ந்த ஆசிரியையின் வரலாறு உள்ளது.

இன்றைய நிலை

குழந்தைகளின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் விலக்குகிறது. 29ஆம் பிரிவு, குழந்தையை அச்சத்திலிருந்து விடுவிப்பதைக் கல்வியின் இலக்குகளுள் ஒன்றாக வகுக்கிறது. பாவ்நகரில் ஒருவரின் பகற்கனவாக இருந்தது சட்டமாகிவிட்டது என்பது சிறிய செய்தியன்று.

எனினும் சட்டம் பிரம்பை நீக்கலாம். பிரம்பு நின்ற இடத்தை நிரப்புவது பெரியவர்களின் கடமை. மாண்டிசோரி என்னும் பெயர் தாங்கிய பலகைகள் இன்று நகரத் தெருக்களில் மலிந்துள்ளன. அவற்றுள் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடமும் தரவரிசையும் அளிக்கும் இடங்களும் உண்டு. ஏழையர் குடியிருப்பில் பிறந்த கல்விமுறை, மிகுந்த கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் உரியதாகச் சுருங்கியதும் உண்டு. பெயர் வாழ்ந்து பொருள் மறையும் நிலைக்கு இவை சான்றுகள்.

விடுமுறை நாள்களில் நடைபெறும் சமய வகுப்புகளுக்கும் இவ்வரலாறு ஒன்றைக் கூறுகிறது. கொல்லாமையும் வாய்மையும் பற்றிய பாடல்களைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவனைப் பாராட்டுவது எளிது. அவன் தம்பியின் பொம்மையைத் திருப்பிக் கொடுத்ததையும், வாசற்படியில் ஊர்ந்த எறும்பைக் கண்டு கால் விலக்கியதையும், தன் தவற்றை அடிக்கு அஞ்சாமல் ஒப்புக்கொண்டதையும் கண்டுகொள்ளும் கண் அரிது. அவன் உண்மை பேசியதற்கு வீட்டில் கிடைத்தது ஏச்சா, மதிப்பா என்பதைப் பொறுத்தே அவன் கற்ற வாய்மை நிலைக்கும்.

சான் லொரென்சோவின் அழுக்குப் படிந்த குழந்தைகள் அன்று கைதட்டியது கைக்குட்டைக்காக அன்று. குறை கூறாமல் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தாரே என்பதற்காக. பள்ளி என்னும் பழஞ்சொல் தாங்கிய இரு பொருளும் ஒன்றாவது அத்தகைய இடத்தில்தான்.